வீட்டில் உணவு இருக்கிறது, குழந்தையின் வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறதா?

ஒன்றரை வயதுக் குழந்தை. ஓடுகிறது, சிரிக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. கன்னம்கூட ஓரளவு உப்பலாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு மாதத்துக்கு முன்னால் வாங்கிய சட்டை இன்றைக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. யாராவது கேட்டால் வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "எங்கள் குடும்பத்தில் எல்லோருமே குள்ளம்தான்." கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சிறு குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடு பெரும்பாலும் இப்படித்தான் கண்ணெதிரே இருந்தும் தெரியாமல் போகிறது.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி? 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து பார்த்தது. தாய்ப்பால் குடித்த, புகைபிடிக்காத தாய்மார்களின், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வயது வரை ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் உயர்ந்தார்கள். இன்று மருத்துவமனைகளில் இருக்கும் வளர்ச்சி அட்டவணை அந்த அளவீட்டிலிருந்து 2006-இல் வந்ததுதான். ஒரு தனிக் குழந்தையைப் பார்க்கும்போது பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், சரி. ஆனால் அது கடைசியாகச் சொல்ல வேண்டிய காரணம். முதலில் பார்க்க வேண்டியது தட்டையும், பாலையும், நோயையும்.

குறைபாடு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குப் பல முகங்கள் உண்டு. வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருப்பது ஒன்று. இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்லச் சேரும் கடன். உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்துபோவது இன்னொன்று. இது சில வாரங்களிலேயே வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, எடையும் உயரமும் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்புச்சத்தோ வைட்டமின் ஏ-யோ அயோடினோ பற்றாமல் இருப்பது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 14 கோடியே 81 லட்சம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். சுமார் 4.5 கோடிப் பேர் மெலிந்தவர்கள். இந்த வயதில் நேரும் மரணங்களில் ஏறக்குறைய பாதியில் ஊட்டக்குறைவின் கை இருக்கிறது. பெரும்பாலும் குழந்தை பட்டினியால் சாவதில்லை. நன்றாகச் சாப்பிட்ட குழந்தை நாலு நாளில் எழுந்து உட்காரும் காய்ச்சலிலும் பேதியிலும் இந்தக் குழந்தை போய்விடுகிறது.

இந்த எண்களைப் படித்ததும் பஞ்சம், வறுமை என்றுதான் மனம் ஓடும். வறுமை பெரிய காரணம்தான், மறுக்கவே முடியாது. ஆனால் ஒரே வருமானம், ஒரே தண்ணீர், பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீட்டில் குழந்தை தேறி வருகிறது, அடுத்த வீட்டில் இளைத்துக் கிடக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

1990-இன் கடைசியில் ஜெரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதியர் சேவ் தி சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக வியட்நாம் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் ஏதாவது பலன் காட்டுங்கள் என்று அரசுத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். தான்ஹ் ஹோவா மாகாணத்தின் சில கிராமங்களில் எல்லாக் குழந்தைகளையும் எடை போட்டார்கள். பிறகு வழக்கமாக யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: மிக ஏழையான குடும்பங்களில் நன்றாக வளரும் குழந்தைகள் உண்டா? உண்டு என்று தெரிந்தது. அந்த வீடுகளுக்குப் போய் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைத்த குட்டி இறாலையும் நண்டையும், சர்க்கரைவள்ளிக் கொடியின் இலையையும் குழந்தையின் உணவில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தவை அவை. ஆனால் 'குழந்தைக்கு ஆகாது' என்று மற்றவர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். மற்ற வீடுகளில் குழந்தை பெரியவர்களோடு இரண்டு வேளைதான் சாப்பிட்டது. இவர்கள் அதே உணவைப் பிரித்து நான்கைந்து வேளையாகக் கொடுத்தார்கள். ஊட்டுவதற்கு முன் கை கழுவினார்கள். பேதியானபோதும் உணவை நிறுத்தவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்கவில்லை. எடை குறைந்த குழந்தைகளின் தாய்மார்கள் தினமும் ஒரு கைப்பிடி இறாலோ கீரையோ தாங்களே பிடித்து, பறித்துக்கொண்டு வந்து, அயலாரோடு சேர்ந்து சமைத்துத் தங்கள் குழந்தைக்கு ஊட்டினார்கள். பிறகு வீட்டிலும் அது தொடர்ந்தது.

வீட்டில் உணவு இருப்பது ஒன்று, அது அந்தச் சின்ன வயிற்றுக்குப் போய்ச் சேர்வது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி முழுக்கப் பெற்றோரின் கையில், பெற்றோரின் நேரத்தில், பெற்றோரின் கவனத்தில் ஓடுகிறது. 1990-இல் யுனிசெஃப் ஊட்டக்குறைவின் காரணங்களை ஒரு வரைபடமாக வரைந்தபோது, உணவு, சுகாதாரம் இரண்டோடு பராமரிப்பையும் தனிக் காரணமாகச் சேர்த்தது இதனால்தான்.

முதல் ஆறு மாதம்

கணக்கு கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பம் தரித்த நாளிலிருந்து குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை சுமார் ஆயிரம் நாட்கள். உயரமும் மூளையும் மிக வேகமாக வளர்வது இந்தக் காலத்தில்தான். கைக்குழந்தை சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது. தாய் சரியாகச் சாப்பிடாமலோ ரத்தசோகையோடோ இருந்தால் குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிப் பிறந்த குழந்தை பந்தயத்தில் பின்னாலிருந்து ஓட வேண்டியிருக்கிறது. கர்ப்ப காலத்தில் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையைத் தவறாமல் போடுவதும், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைத் தின்னும் நிலையில் தாயை விடாமல் இருப்பதும் குழந்தைக்குக் கொடுக்கும் முதல் உணவு. அதில் பாதிப் பொறுப்பு தகப்பனுக்கு.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். இதைப் பலரும் கேட்டிருப்பார்கள். 'மட்டும்' என்ற சொல்லைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான், வெயில் காலத்திலும் அது போதும். முதல் சில நாட்களில் மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைக் கறந்து கொட்டிவிடக் கூடாது. அளவு கொஞ்சம்தான், ஆனால் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்தது.

"பால் போதவில்லை" என்ற பயம்தான் இங்கே பெரிய தடை. குழந்தை அழுகிறது, பாட்டில் வருகிறது. பாட்டில் குடித்த குழந்தை மார்பில் குறைவாகச் சப்புகிறது. சப்புவது குறைந்தால் பால் சுரப்பதும் குறைகிறது. ஒரு வாரத்தில் பயம் உண்மையாகிவிடுகிறது. ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, வாராவாரம் எடை ஏறுகிறதா என்று பார்த்தால் பால் போதுமா என்பது தெரிந்துவிடும். அழுகை மட்டும் அளவுகோல் இல்லை. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகத் தேவை. அதோடு தூக்கமும், பக்கத்தில் யாராவது தைரியம் சொல்லும் துணையும் தேவை. சில தாய்மார்களால் உண்மையிலேயே பால் கொடுக்க முடியாமல் போவதுண்டு. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எந்தக் குழந்தைக்கும் ஒரு கிராம் எடையைக் கூட்டாது. மருத்துவரின் ஆலோசனையோடு மாற்றுப் பாலைச் சுத்தமாகவும் சரியான விகிதத்திலும் கலக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி. பால்மாவை மிச்சம் பிடிக்க அதிகத் தண்ணீர் விட்டுக் கலப்பது மிக ஆபத்து.

ஆறாவது மாதம் முடிந்ததும்

பெரும்பாலான குழந்தைகள் சறுக்குவது இங்கேதான். ஐந்து மாதம் வரை நன்றாக ஏறிய எடைக்கோடு ஏழாவது, எட்டாவது மாதத்தில் படுக்கத் தொடங்கும். கருவில் சேமித்த இரும்புச்சத்து இந்தச் சமயத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது. பால் தொடர்ந்தாலும் அது மட்டும் இனி போதாது. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம், தொடர வேண்டும். ஆனால் கூடவே இணை உணவு வந்தாக வேண்டும். ஆறு முதல் எட்டு மாதம் வரை சராசரியாக 200 கலோரி, ஒன்பது முதல் பதினொன்று வரை 300, ஒரு வயதுக்கு மேல் 550 கலோரி பால் அல்லாத உணவிலிருந்து கிடைக்க வேண்டும்.

இதை ஒரு கிண்ணத்தில் வைத்துப் பார்ப்போம். சிறு குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 கிராம்தான் கொள்ளும். எட்டு கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 240 மில்லி, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு வயதுக் குழந்தைக்குத் தண்ணீராக, குடிக்கிற பதத்தில் கஞ்சி காய்ச்சுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மில்லிக்கு 0.3 கலோரி அளவுதான் இருக்கும். 200 மில்லி வீதம் நான்கு வேளை குடித்தாலும் 240 கலோரி. தேவையில் பாதிகூட இல்லை. வயிறோ நிரம்பிவிட்டது, குழந்தை திருப்தியாகத் தூங்கிவிட்டது, தாய்க்கும் நிம்மதி. அதே மாவைக் கெட்டியாகக் கிண்டி, பருப்பை மசித்துச் சேர்த்து, ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டால் மில்லிக்கு 0.8 கலோரியைத் தொட்டுவிடும். அதே 200 மில்லி, அதே நான்கு வேளை, 640 கலோரி. ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் மட்டுமே 40 கலோரி. நல்ல உணவு என்றால் விலை உயர்ந்த உணவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் இங்கே வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கிறது.

சோதனைக் கருவி எதுவும் வேண்டாம். கரண்டியில் உணவை எடுத்துச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். உடனே வழிந்து ஓடினால் நீர்த்துவிட்டது. கரண்டியோடு ஒட்டி நின்று, மெல்ல விழுந்தால் சரியான பதம். "கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது, தொண்டையில் சிக்கும்" என்ற பயத்தில்தான் பலர் நீர்க்கக் கரைக்கிறார்கள். நன்றாக மசித்த கெட்டி உணவு ஆறு மாதக் குழந்தைக்குச் செரிக்கும். எட்டு மாதத்தில் கையால் எடுத்துத் தின்னும் மென்மையான துண்டுகள், ஒரு வயதில் வீட்டார் சாப்பிடும் உணவையே காரம், உப்பு குறைத்துக் கொடுக்கலாம். முழுப் பருப்புக் கொட்டைகள் போல மூச்சுக்குழாயில் அடைக்கக் கூடியவை மட்டும் இந்த வயதில் ஆகாது. தேன் ஒரு வயதுக்கு முன் வேண்டவே வேண்டாம்.

அளவுக்கு அடுத்தது வகை. எட்டு உணவுக் கூட்டங்களில் குறைந்தது ஐந்து கூட்டமாவது ஒரு நாளில் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும் என்பது உலக அளவுகோல். தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டையும், பால் பொருட்கள், மீனும் இறைச்சியும், முட்டை, வைட்டமின் ஏ நிறைந்த காய் கனிகள், மற்ற காய் கனிகள் என்று எட்டு. நடைமுறையில் பல வீடுகளில் தானியமும் பாலும் மட்டுமே மாறி மாறி வருகின்றன. இதில் அடிபடுவது முதலில் இரும்புச்சத்து. ஏழு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு தேவை என்பது அமெரிக்கப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கு அதே பரிந்துரை 8 மில்லிகிராம்தான். தகப்பனைவிட அதிக இரும்பு வேண்டும், ஆனால் அதைத் தகப்பன் தட்டில் கால்பங்குகூடப் பிடிக்காத வயிற்றில் சேர்க்க வேண்டும்! இதனால்தான் முட்டை, மீன், இறைச்சி சாப்பிடும் வீடுகளில் குழந்தைக்கு அவற்றைப் 'பல் முளைக்கட்டும்' என்று தள்ளிப்போடக் கூடாது. மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டில் பருப்பு, கீரையோடு வைட்டமின் சி உள்ள பழத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். அதற்கும் மேல் இரும்புத் துளி மருந்து வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பால் நல்லதுதானே என்று ஒரு வயதுக் குழந்தைக்கு நாளெல்லாம் பாட்டிலில் மாட்டுப்பால் கொடுத்துக்கொண்டே இருப்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றில் பால் இருக்கும்வரை வேறு உணவுக்கு இடமில்லை, பாலில் இரும்பும் மிகக் குறைவு. வெள்ளையாக, கொழுகொழுவென்று இருக்கும் அந்தக் குழந்தையின் வெளுப்பு ரத்தசோகையாகவும் இருக்கலாம். பொட்டலத் தின்பண்டமும் இனிப்புப் பானமும் செய்வதும் இதே வேலைதான், இன்னும் மோசமாக.

ஊட்டுவதும் உண்பதும்

பானையில் சரியான உணவு இருக்கிறது. குழந்தை வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. இப்போது என்ன?

கைப்பேசியில் படம் ஓடவிட்டு, குழந்தை மயங்கிப் பார்க்கும் நேரத்தில் கரண்டியைத் திணிப்பது இன்று எங்கும் பரவிவிட்டது. அன்றைக்கு அது வேலை செய்கிறது. ஆனால் பசி, நிறைவு என்ற இரண்டு உணர்வையும் குழந்தை கவனிக்கக் கற்றுக்கொள்ளாமலே போகிறது. மூக்கைப் பிடித்து ஊட்டுவதும் பயம் காட்டுவதும் சாப்பாட்டையே எதிரியாக்கிவிடும். முகம் பார்த்து உட்கார்ந்து, பேசிக்கொண்டே, குழந்தை மென்று விழுங்கக் காத்திருந்து ஊட்டுவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் பல வீடுகளில் உணவைவிட அரிதான பொருள். புதிய சுவையைக் குழந்தை துப்பினால் 'இதற்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறோம். எட்டு, பத்து முறை சுவைத்த பிறகே சில குழந்தைகள் ஏற்றுக்கொள்ளும். இரண்டு நாள் விட்டு மறுபடி ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள், திணிக்காமல்.

குழந்தைக்கென்று தனிக் கிண்ணம் வேண்டும் என்பது சின்ன விஷயமாகத் தெரியும். பெரியவர் தட்டிலிருந்தும் அண்ணன் தட்டிலிருந்தும் ஒவ்வொரு வாய் வாங்கித் தின்னும் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்கிறான் என்பார்கள். தனிக் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் போகும் தாய்க்கும் தகப்பனுக்கும் இது இன்னும் முக்கியம். பகலில் பாட்டியோ வேறு யாரோ ஊட்டுகிறார்கள் என்றால், மாலையில் கேட்க வேண்டிய கேள்வி "சாப்பிட்டானா?" என்பது இல்லை. "எத்தனை கிண்ணம், எந்தப் பதத்தில்?" என்பதுதான்.

நோய் வரும்போது

ஒவ்வொரு பேதியும் காய்ச்சலும் எடையில் ஒரு பள்ளம் தோண்டுகிறது. பசி குறைகிறது, சாப்பிட்டதும் தங்குவதில்லை, உடம்போ கூடுதல் சக்தியைக் கேட்கிறது. அந்த நேரத்தில் 'வயிற்றுக்கு ஓய்வு' என்று உணவை நிறுத்துவது பள்ளத்தை ஆழமாக்கும். தாய்ப்பாலை அடிக்கடி, மென்மையான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினமும் 20 மில்லிகிராம் துத்தநாகத்தை (ஜிங்க்) 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும், பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும். நோய் போனதும் பெற்றோர் மூச்சு விட்டுவிட்டுப் பழைய நடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பள்ளத்தை நிரப்ப வேண்டிய நேரம் அதற்கு அடுத்த இரண்டு வாரம்தான். பசி திரும்பி வரும் அந்த நாட்களில் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் குழந்தை தேறிவிடும். அதற்குள் அடுத்த நோய் வந்துவிட்டால் பள்ளத்தின் மேல் பள்ளம்.

கை கழுவுவது, தண்ணீரைக் காய்ச்சுவது, தடுப்பூசிகளைத் தவறவிடாதது எல்லாம் நோயைக் குறைக்கும். இதில் ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே நாடுகளில் வீடுவீடாகக் கழிப்பறை, கை கழுவும் வசதி, சுத்தமான தண்ணீர் கொடுத்துச் செய்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018, 2019-இல் வந்தன. அந்த வசதிகளால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. நல்ல உணவும் ஊட்டும் முறை பற்றிய ஆலோசனையும் சேர்ந்த இடங்களில் கொஞ்சம் கூடியது. ஊர் முழுக்க அசுத்தம் சூழ்ந்திருக்கும்போது ஒரு வீட்டின் சோப்பு எவ்வளவுதான் தடுக்கும்? பெற்றோரால் முடிந்ததும் முடியாததும் இங்கே நன்றாகப் பிரிந்து தெரிகிறது. கழிவுநீர், குடிநீர், கூலி, பேறுகால விடுப்பு, அருகில் ஒரு குழந்தைகள் காப்பகம் இவற்றை அரசும் சமூகமும்தான் தர வேண்டும். பால்மாவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்த 1981-இல் உலக நாடுகள் ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டதும் பெற்றோரால் தனியாகச் சந்தையை எதிர்க்க முடியாது என்பதால்தான். குழந்தை இளைத்ததற்கெல்லாம் தாயைக் கைகாட்டும் பழக்கம் எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

அளந்து பார்க்கும் கை

இளைப்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே எடைக்கோட்டில் தெரியும். மாதம் ஒருமுறை எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தால், அந்தப் புள்ளிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதைவிட எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் முக்கியம். சின்னதாகப் பிறந்து சீராக ஏறும் குழந்தையைவிட, கொழுகொழுவென்று பிறந்து மூன்று மாதமாக ஒரே எடையில் நிற்கும் குழந்தையைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

எடை பார்க்கும் வசதி இல்லாத இடத்துக்கு ஒரு நாடா போதும். குழந்தையின் இடது மேற்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதி இடத்தில், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இறுக்காமல் தொய்யாமல் சுற்றி அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை 125 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை, 115-க்குக் குறைந்தால் கடும் மெலிவு, உடனே சிகிச்சை. ஐந்து வயது வரை ஒரே எல்லைக்கோடு என்பதால் குழந்தையின் வயது சரியாகத் தெரியாவிட்டாலும் பயன்படும். 2013-இல் தொடங்கி நைஜர் நாட்டின் கிராமப்புறத்தில் இந்த நாடாவைத் தாய்மார்களின் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்த குழந்தைகள் சீக்கிரமே சிகிச்சைக்கு வந்தார்கள், மருத்துவமனையில் படுக்க வேண்டியவர்களும் குறைந்தார்கள். பணியாளர் எப்போதாவதுதான் வருவார், தாய் தினமும் அந்தக் கையைத் தொட்டுக் குளிப்பாட்டுகிறாள். இதில் வியப்பு எதற்கு?

கடும் மெலிவுக்கு வீட்டு உணவு மட்டும் போதாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துகள் சேர்த்த நிலக்கடலைப் பசை 1990-களின் நடுவில் உருவானது. சிக்கல் இல்லாத குழந்தையை இதைக் கொண்டு வீட்டில் வைத்தே தேற்றலாம் என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் அறிவித்தன. அங்கேயும் வேளாவேளைக்கு ஊட்டுவது பெற்றோர்தான்.

உணவோடு விளையாட்டும் வேண்டும். 1986–87-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் வயதுக்கேற்ற உயரமில்லாத 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. சில வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் ஒரு பணியாளர் போய், கையால் செய்த பொம்மைகளைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது, பேசுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு ஆண்டு மட்டும். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள் வளர்ந்து, விளையாட்டு கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள்.

சவலை

கடைசியாக ஒரு வார்த்தை. தமிழில் 'சவலைப் பிள்ளை' என்கிறோம். அடுத்த குழந்தை வந்துவிட்டதால் தாய்ப்பால் கிடைக்காமல் மெலிந்து, நை நை என்று அழுதுகொண்டிருக்கும் மூத்தது. 1930-களில் இன்றைய கானாவில் பணிபுரிந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தலைமுடி வெளிறி, தோல் உரிந்து வரும் குழந்தைகளைப் பார்த்தார். மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெண்களிடம் கேட்டார். 'குவாஷியார்கர்' என்றார்கள். அடுத்தது பிறந்ததும் இடம் பறிபோன குழந்தைக்கு வரும் நோய் என்று அந்தக் கா மொழிச் சொல்லுக்குப் பொருள். 1935-இல் அவர் அதே பெயரில் மருத்துவ இதழில் எழுதினார். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகளின் தாய்மார்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே குழந்தைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த நோய்க்கான சோதனை பெருவிரலில் இருக்கிறது. குழந்தையின் இரண்டு பாதத்தின் மேற்புறத்திலும் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், எடை எவ்வளவு இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீக்கத்தால் குழந்தை தேறியதுபோல் தெரிந்து பெற்றோர் ஏமாந்துபோகும் நோய் இது.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த முடிவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்க வேண்டும், முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதற்குள் கரு தங்கிவிட்டால், தாயின் உடல்நிலை நன்றாக இருக்கும் பட்சத்தில் பெரும்பாலும் மூத்ததற்குப் பாலை உடனே நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். புதுக் குழந்தை வந்தபின் தாயின் மடி நிரம்பிவிடும். அப்போது மூத்தது போய் உட்கார ஒரு மடி வேண்டும். அது தகப்பனுடையது. தனிக் கிண்ணம், கெட்டியான உணவு, அரை மணி நேரம்.